பாவின் மேல் விழுந்த தணல்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசி மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி ஆறு மாதம். வாய்த்துடுக்கும் வீம்பும் எனக்குக் கொஞ்சம் அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்குப் பாதிக் காரணம் அவைதான்.

நான் பிறந்து வளர்ந்தது குன்னூர்ப் பக்கம். அப்பா ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே ஒரு பலகாரம் செய்வார். கனமான இரும்புச் சட்டியில் வெண்ணெயை உருக்கி, பேரிக்காயோ பிளம்ஸோ நறுக்கிப் போட்டு வதக்கி, அதன் மேல் மைதா, பால், முட்டை, சர்க்கரை எல்லாம் சேர்த்து அடித்த மாவை ஊற்றி, சட்டியோடு சூளையடுப்புக்குள் தள்ளிவிடுவார். தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்க்க இருக்கிற அந்த மாவு, கால் மணி நேரத்தில் பூரி போல உப்பி, சட்டியின் விளிம்பைத் தாண்டி எழுந்து நிற்கும். வெளியே எடுத்து வெளிக்காற்று பட்டதும் அமுங்கத் தொடங்கிவிடும். அதற்குள் மேஜைக்குப் போய்விட வேண்டும் என்று அப்பா ஓடுவார். துரை வீட்டில் அதற்கு ஏதோ ஒரு பெயர் சொல்வார்கள். எங்களுக்கு அது சட்டிக் கேக். மிச்சம் எங்கள் வீட்டுக்கும் வரும், ஆனால் ஆறி அமுங்கித்தான் வரும். உப்பி நிற்கும் கோலத்தை பங்களா சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

கல்யாணச் சீராக அப்பா எனக்குக் கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, பங்களாவில் கழித்துக் கட்டிய ஓர் இரும்புச் சட்டியும் அதன் தட்டையான மூடியும். கணவருக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். காஞ்சிபுரத்தில் சூளையடுப்புக்கு எங்கே போவாய், திருடன் வந்தால் மண்டையில் போட வைத்துக்கொள் என்பார். சட்டியை ரயிலில் தூக்கி வந்தவர் அவர், அதனால் கிண்டல் செய்ய அவருக்கு உரிமை இருந்தது. ஆறு மாதம் பொறுத்தேன். அதற்குப் பிறகு, இந்த ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி கிடையாது, சட்டிக் கேக்தான் என்று சவால் விட்டேன். அடியில் தணல், மூடி மேலும் தணல் வைத்தால் சூளைதானே. மாம்பழமும் ரஸ்தாளியும் வாங்கி வைத்தேன். முசரவாக்கத்திலிருந்து பால் கொண்டுவரும் அம்மாவிடம் நான்கு முட்டை சொல்லி வைத்தேன்.

சிக்கல் என்னவென்றால், நாங்கள் குடியிருந்தது வீட்டின் முன்பகுதி. பின்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம். அவர்கள் சுத்த சைவம். சமையலறை அவர்கள் பக்கத்துச் சுவரை ஒட்டி இருந்தது. முட்டை வாசனை அவர்களுக்குப் போகக் கூடாது என்று, கரியடுப்பை வாசற்படியின் மேல்படியில் வைத்து அங்கேயே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். இதில் எனக்குப் பெருமை வேறு, எவ்வளவு பதவிசாக நடந்துகொள்கிறேன் என்று.

பக்கத்து வீட்டில் ஒரு நெசவுக் குடும்பம். அந்தப் பெண்ணுக்கு என்னை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். புருஷனும் அவளும் ஒரே தறியில் மாற்றி மாற்றி உட்காருவார்கள். அவளுக்கும் எனக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. ஒரு நாள் நான் முட்டை ஓட்டைத் தெருச் சாக்கடையில் போட, அது தண்ணீரோடு போய் அவள் வாசலில் நின்றிருக்கிறது. இங்கே போடாதேம்மா என்று அவள் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நாலு பேர் இருக்கும்போது சொன்னாள் என்பதுதான் எனக்குக் குத்திவிட்டது. அன்றிலிருந்து அவளைக் கண்டால் நான் உள்ளே போய்விடுவேன்.

அவர்கள் தறி ஒரு மாதத்துக்கு மேலாகச் சும்மா கிடந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பட்டு வரவில்லை. தறிச் சத்தம் கேட்காத வீடு என்றால் அந்தத் தெருவில் அடுப்பெரியாத வீடு என்று அர்த்தம், அது எனக்கே தெரிந்திருந்தது. கடைசியில் மூன்று சேலைக்கான பாவு கிடைத்தது. பாவு என்றால் சேலையின் நீளவாட்டு இழைகள், ஆயிரக்கணக்கில் இருக்கும். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன், விடியற்காலையில் தெரு நீளத்துக்கு விரித்து இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, கோதி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுற்றிவிட வேண்டும். தெருவில் உள்ளவர்கள் கூட வந்து கைகொடுப்பார்கள். அந்தப் பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த பாவு எப்போது வரும், வருமா என்பதே சந்தேகம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளே எங்கள் வாசலுக்கு வந்து, காலையில் பாவு விரிக்கப் போகிறோம், தெருவில் நம் பக்கம்தான் நிழல் என்பதால் இந்த ஓரமாக விரிப்போம், வாசலில் தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு சரி என்றேன். தண்ணீர் தெளிக்கவில்லை, கோலமும் போடவில்லை. நெருப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்தத் தெருவில் பிறந்த யாருக்கும் தோன்றியிருக்காது.

காலையில் பாவு விரித்தார்கள். அரக்கு நிறம். எங்கள் படிக்கு இரண்டு முழம் தள்ளி, இடுப்பு உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெருவே அரக்காக ஓடியது. நான் என் பாட்டுக்கு மேல்படியில் உட்கார்ந்து சட்டியில் வெண்ணெய் போட்டு, பழத்தை வதக்கி, மாவை ஊற்றி, மூடி, மூடி மேல் தணலை அள்ளி வைத்தேன். மாம்பழமும் வெண்ணெயுமாக வாசனை கிளம்பியது. பாவு கோதிக்கொண்டிருந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே கணவர் லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டு, என்ன, திருடன் வந்தானா என்று குரல் கொடுத்தார்.

பத்து நிமிடம் பொறுத்திருப்பேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. உப்பியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இடுக்கியால் மூடியைப் பிடித்துத் தூக்கினேன். தணலோடு சேர்ந்து மூடி நான் நினைத்ததை விடக் கனம். அது ஒரு பக்கம் சாய, தணல் மொத்தமும் சரிந்தது. பெரும்பாலும் படியில்தான் கொட்டியது. இரண்டு துண்டு மட்டும் படியில் மோதித் துள்ளி, பாவின் மேல் போய் உட்கார்ந்தன.

முடி கருகுகிற நாற்றம் வந்தது. இழைகள் அறுந்து சுருண்டுகொண்டு பின்வாங்கின. நான் மூடியைச் சட்டி மேலேயே போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த ஈரத்துணியால் தட்டிவிடப் பாய்ந்தேன்.

"தொடாத" என்று ஒரே ஓர் அதட்டல். பாவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவள்தான். அடுத்த நொடி அவள் குனிந்து, ஒரு தணல் துண்டை விரல்களால் கிள்ளி எடுத்துச் சாக்கடையில் போட்டாள். பிறகு இரண்டாவதை. வெறும் விரலால், நாம் சீரகத்தில் கல் பொறுக்குவது போல நிதானமாக. நான் தட்டிவிட்டிருந்தால் நெருப்பு இழைகள் மேலெல்லாம் இழுபட்டு ஒரு முழத்துக்குப் போயிருக்கும் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு கையகலத்துக்குப் பாவில் ஓட்டை. தெரு அப்படியே நின்றது. எதிர்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னைத் திட்ட ஆரம்பித்தார். முட்டை, கவுச்சி, வெளியூர்க்காரி என்று எல்லாம் வந்தது. ஒன்றும் தப்பில்லை, எனக்கு வேண்டியதுதான். கோடியில் பாவின் கழியைப் பிடித்திருந்த அவள் புருஷன் அங்கிருந்தே கேட்டான்.

"எத்தினி இழ போச்சு?"

"பாத்துக்கலாம். நீ இழுத்துப் புடி, தொய்ய உட்றாத" என்றாள் அவள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்க்கிறாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"உன் அடுப்புல வெள்ள சாம்பல் இருக்குதில்ல? துணியில சலிச்சி எடுத்துனு வாம்மா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஓடினேன். அடுப்பின் அடியில் இருந்த சாம்பலை மல் துணியில் சலித்து, ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பட்டு இழை வழுக்கும். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டால்தான் பிடிபடும். அறுந்த இழையின் முனையை எடுத்து, அதே நிறத்தில் ஒரு துண்டு இழையின் முனையை அதோடு சேர்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு திரிப்பு. அவ்வளவுதான், இரண்டும் ஒன்றாகிவிடும். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு இருந்தால், தறியில் இழைகளைப் பிரித்துப் பிடிக்கும் அச்சில் மாட்டி அறுந்துவிடும். பிறகு துண்டு இழையின் மறுமுனையை எதிர்ப்பக்கத்து முனையோடு இன்னொரு திரிப்பு. இப்படி ஓர் இழைக்கு இரண்டு இணைப்பு. எத்தனை இழை அறுந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. எண்ணப் பார்த்து, பயத்தில் விட்டுவிட்டேன். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி துண்டு இழைகளை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள். நான் சாம்பல் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் விரல்களைப் பார்த்தேன். தணலைக் கிள்ளிய அதே இரண்டு விரல்கள். நுனி வெளுத்துப் போய், கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கொப்புளத்தோடுதான் அவள் ஒவ்வொரு இழையையும் நசுக்கித் திரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் கொண்டுவரட்டுமா என்று கெஞ்சினேன்.

"எண்ண தடவினா இழ வழுக்கும்மா. கறையும் பட்டுடும். அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. நான் சாப்பிட்டாயா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வாளோ, அப்படிச் சொன்னாள்.

ஆள்காட்டி விரல் கொப்புளம் உடைந்தது. உடனே அந்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து மடக்கிக்கொண்டு, நடுவிரலாலும் கட்டைவிரலாலும் திரிக்க ஆரம்பித்தாள். வேகம் குறையவே இல்லை. கட்டைவிரலும் முடியாமல் போனபோது இடது கைக்கு மாறினாள். இடது கையும் வலது கையைப் போலவே ஓடியது. அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சாமி பெயர் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன். இழையைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எதிர்வீட்டுப் பெண் பிறகு சொன்னாள்.

நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. வெயில் பாவின் ஓரத்தைத் தொட்டபோது அவள் புருஷன், வெயில் வந்துக்கினு இருக்குது என்று ஒரு முறை சொன்னான். அவள் அடுத்த இழையை எடுத்தாள். அப்போது என் கணவர் உள்ளே போய், எங்கள் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு வந்தார். ஒரு முனையை அவரும் மறுமுனையை வீட்டுக்காரரும் தூக்கிப் பிடித்து அவளுக்கும் பாவுக்கும் நிழல் கொடுத்தார்கள். ஆபீஸில் ஃபைலைத் தூக்கவே அலுத்துக்கொள்கிற மனிதர், லுங்கியோடு நடுத்தெருவில் ஒரு மணி நேரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். திட்டிய பெரியவரும் திட்டுவதை எப்போது நிறுத்தினார் என்று தெரியாது. கஞ்சிப் பானையை நகர்த்திக்கொண்டு வந்து தயாராக நின்றிருந்தார்.

கடைசி இழையையும் இணைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். கோடியைப் பார்த்துத் தலையசைத்தாள். இப்போது பாவை முழு விறைப்பில் இழுத்தாக வேண்டும். ஏதாவது ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் பக்கத்து இழைகளையும் சேர்த்துச் சிக்காக்கிவிடும். அவள் புருஷன் காலை ஊன்றிக் கழியை இழுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தபோது ஓட்டை இருந்த இடம் எது என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. அங்கேயேதான் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயிலில் கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

கஞ்சி தெளித்தார்கள். கோதினார்கள். அவள் படியில் வந்து உட்கார்ந்து, முதன்முறையாக விரல்களை ஊதிக்கொண்டாள். நான் எண்ணெய் எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. அவள் என் அழுகையைக் கண்டுகொள்ளவில்லை. அடுப்பைக் காட்டி, உள்ளே இருப்பது என்ன என்றாள்.

சட்டியையே மறந்திருந்தேன். சாம்பலுக்காக அடியில் இருந்த தணலையும் கிளறிக் கிளறி எடுத்துவிட்டதால் அடுப்பு எப்போதோ ஆறிப்போயிருந்தது. மூடியைத் திறந்தேன். கேக் வெந்துதான் இருந்தது. ஆனால் அமுங்கி, ஓரம் கருகி, ஆப்பத்துக்கும் அடைக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகக் கிடந்தது.

"இதுக்கா இவ்ளோ?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அது உப்பி நிற்கும் கதையை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஒரு துண்டு சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை, பாவு போடுகிற அன்று அவர்கள் கவுச்சி தொடமாட்டார்கள் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. எழுந்து போகும்போது அவளாகவே சொன்னாள், பாவு தறியில் ஏறி, அமாவாசை கழிந்த மறுநாள் வருகிறேன், அன்றைக்குச் செய் என்று. அன்றைய கேக்கை என் கணவர் மறுபேச்சில்லாமல் மூன்று துண்டு தின்றார். அதற்குப் பிறகு சட்டியைப் பற்றி அவர் ஒரு நாளும் கிண்டல் செய்ததில்லை.

அமாவாசைக்கு மறுநாள் சொன்னபடி வந்தாள். விரலில் புதுத்தோல் ரோஜா நிறத்தில் இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பின்பக்கக் கிணற்றடியில் அடுப்பு வைத்தேன். இந்த முறை மூடியை நான் ஒருத்தியாகத் தூக்கவில்லை, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து இறக்கினோம். பொன்னிறத்தில், சட்டியின் விளிம்பைத் தாண்டி, நடுவில் மாம்பழத் துண்டுகளைச் சுமந்துகொண்டு, ஒரு சாண் உயரத்துக்கு உப்பி நின்றது. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இத யாரும்மா உள்ள இருந்து ஊதினாங்க?" என்றாள்.

அமுங்குவதற்குள் சாப்பிட வேண்டும் என்று அவசரப்படுத்தினேன். இருவரும் விரலைச் சுட்டுக்கொண்டு சட்டியிலிருந்தே பிய்த்துச் சாப்பிட்டோம். உப்பிய சட்டிக் கேக்கை நான் வாழ்க்கையில் முதல் முறையாகச் சாப்பிட்டது அன்றுதான், அவளோடுதான்.

அந்தப் பாவின் மூன்றாவது சேலையில்தான் அந்த இடம் வந்தது. தறியிலிருந்து அறுத்ததும் அவள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். சேலையைப் பாயில் விரித்து, எங்கே என்று காட்டு பார்ப்போம் என்றாள். சேலை உடலில் தேடினேன், கரையோரம் தேடினேன். உள்ளங்கையால் தடவினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. தோற்றுப்போய், நீயே காட்டு என்றேன்.

"எனக்கு மட்டும் தெரியுமா என்னா? எனக்கு தெரிஞ்சா சங்கத்துக்காரங்களுக்கும் தெரிஞ்சிடுமே" என்று சொல்லிவிட்டுச் சேலையை மடிக்க ஆரம்பித்தாள்.

இப்போது என் வீட்டில் மின்சார அடுப்பு இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பழைய சட்டியில்தான் செய்கிறேன். அது உப்பி எழும்போது அவர்கள் கைதட்டுவார்கள். எனக்கு அவள் கைதான் நினைவுக்கு வரும். என் மேல் கோபப்பட அன்று அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. இரண்டு மணி நேர அவகாசமும் இருந்தது. அந்த நேரம் முழுவதையும் அவள் இழைகளுக்குக் கொடுத்துவிட்டாள். எந்த ஊரிலோ, எவர் வீட்டு அலமாரியிலோ ஓர் அரக்குநிறக் கல்யாணப் பட்டுக்குள் என் தவறு இன்னும் இருக்கிறது; அது எந்த இடத்தில் என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.